கேமராவுக்கு மழையைவிட அலமாரியே ஆபத்து

டுரியான் துங்கால் என்றதும் மலாக்கா மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அணைக்கட்டுதான். 1991-ஆம் ஆண்டு அந்த அணை வறண்டு, மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மற்றபடி எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை. ஏப்ரலிலும், தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலானால் வானம் கறுத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றும் மழையும் சேர்ந்து வரும்.

வார இறுதிகளில் திருமணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று கேமராவும் கையுமாகச் சுற்றுபவன் நான். "மழையில் கேமராவை வெளியே எடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். நான் பார்த்தவரை, மழையில் கெட்டுப்போன கேமராக்களைவிட வீட்டு அலமாரியில் கெட்டுப்போனவையே அதிகம்.

கண்ணாடிக்குள் பூஞ்சை

என் சித்தப்பா, மகள் திருமணத்துக்காக நல்ல கேமரா ஒன்று வாங்கினார். திருமணம் முடிந்ததும் தோல் உறையில் போட்டு, பட்டுச் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். ஒன்றரை ஆண்டு கழித்துப் பேத்தியின் காதுகுத்துக்கு அதை எடுத்தபோது, லென்சுக்குள் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள். அன்று எடுத்த படங்கள் எல்லாம் புகை மூட்டமாக வந்தன. கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சிரித்த படமும் அப்படித்தான். பாட்டி இப்போது இல்லை. லென்சை மாற்றிவிட்டார்கள், அந்தப் படத்தை மாற்ற முடியவில்லை.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 60 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இருட்டு, காற்றோட்டமின்மை, ஈரத்தை இழுத்து வைக்கும் தோல் உறை மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பூஞ்சை சுரக்கும் அமிலம் லென்சின் மேல் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. லென்ஸ் இன்றும் கண்ணாடிதான்.

இறுக்கமான டப்பா போதும்

மாற்று வழி எளிது. ரப்பர் விளிம்புடன் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மீட்டர் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காட்டட்டும். 30-க்குக் கீழே நெடுநாள் இருந்தால் ரப்பர் பாகங்களும் மசகும் காய்ந்துபோகலாம். லென்சுகள் நிறைய வைத்திருப்பவர்கள் மின்சாரத்தில் இயங்கும் ஈரம்நீக்கும் அலமாரி வாங்கலாம்.

நீல நிற சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும். மணிகளை ஒரு தட்டில் பரப்பி, அவனில் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீல வகையில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதைச் சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது.

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது

ஏர்கோன் மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகப் பூத்துப்போகும். வெளியே 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். லென்சின் வெளியே படிவதைத் துடைக்கலாம். உள்ளே படிவதைத் துடைக்க வழியில்லை. எனவே உள்ளே இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். வெளியே அரை மணி நேரம் போல அது பைக்குள்ளேயே இருக்கட்டும். நீர் பையின் மேல் படியும், கேமரா மேல் அல்ல. அந்த நேரத்தில் லென்சைக் கழற்றவே கூடாது.

மழைக்குள் இறங்கும்போது

தெளிவான பிளாஸ்டிக் பை ஒன்றில் லென்ஸ் நுழையும் அளவு துளை போட்டு, லென்ஸ் ஹூட்டைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டினால் மழைக்கோட்டு தயார். ஹூட் இருந்தால் தூறல் கண்ணாடியில் விழாது. தோளில் பருத்தித் துண்டு ஒன்று, குடை பிடிக்கத் தம்பியோ தங்கையோ ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

"வெதர் சீல்" என்று எழுதியிருப்பதை "தண்ணீர் புகாது" என்று படிக்காதீர்கள். ஐ.பி.எக்ஸ்.7 தரம் என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். விலை உயர்ந்த கேமராக்களிலும் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தரம் கிடையாது. லென்சும் சீல் செய்யப்பட்டதாக இல்லாவிட்டால் கேமராவின் சீலால் பெரிய பயனில்லை.

மழைத்துளி முத்தாக நிற்க வேண்டுமானால் 1/500 நொடி; கோடாக இறங்க வேண்டுமானால் 1/60 போல வையுங்கள். ஃபிளாஷ் போட்டால் துளிகள் வெள்ளைப் புள்ளிகளாக முகத்தை மறைக்கும். பால்குட ஊர்வலத்தில் மழையைவிடப் பாலுக்கும் மஞ்சள் நீருக்கும் அஞ்சுங்கள். பட்டவுடன் சற்று ஈரமான துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இடி இடித்தால் படமெடுப்பதை நிறுத்திவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள்.

நனைந்துவிட்டால்

உடனே அணைத்துவிட்டு பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். "வேலை செய்கிறதா" என்று போட்டுப் பார்ப்பதுதான் பல கேமராக்களின் உயிரைப் பறிக்கிறது. ஹேர் டிரையர் வேண்டாம். சூடு பசையையும் ரப்பரையும் கெடுக்கும். அரிசி மூட்டையும் வேண்டாம். அரிசி ஈரத்தை மெதுவாகவே இழுக்கும், அதன் மாவுத் தூசி உள்ளே புகுந்துவிடும். புதிய சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் வைத்த பிறகே பேட்டரியைப் போடுங்கள். கார்டில் உள்ள படங்களை அன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்துவிடுங்கள்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீட்டு வாசலும் தோட்டத்துக் கோயிலும் அங்கே வாழ்ந்த பெரியவர்களும் நம் படங்களில்தான் மிச்சம். அடுத்த திருவிழாவரை காத்திருக்காமல், இன்றிரவே அலமாரியைத் திறந்து, கைப்பேசி விளக்கை லென்சின் பின்புறமிருந்து அடித்துப் பாருங்கள். இழை எதுவும் தெரியாவிட்டால், தோல் உறையை அங்கேயே விட்டுவிட்டு கேமராவை டப்பாவுக்கு மாற்றுங்கள்.