கொதித்தும் வேகாத பருப்பு

பூஜை விடுமுறையில் கொல்கத்தாவிலிருந்து சந்தக்ஃபூ மலைக்குச் சென்று, 3,636 மீட்டர் உயரத்தில் கூடாரமடித்துத் துவரம்பருப்பை உலையிலிட்டோம். நீர் தளதளவென்று கொதித்தும் பருப்பு வேகவில்லை. குழந்தைகள் அரைவயிற்றோடு உறங்கினர்.

காரணம் யாது? உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அங்கே நீர் ஏறத்தாழ 88 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது. பிரஷர் குக்கரோ ஆவியை அடைத்துவைப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டும்.

ஆதலால், எடையைக் கருதாது குக்கரைச் சுமந்து செல்லுங்கள். பருப்பை முதல்நாளே ஊறவையுங்கள். மண்ணெண்ணெயும் எரிவாயுவும் ரயிலில் கொண்டுசெல்லலாகாது, மலையடிவாரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குழந்தைகள் பட்ட பசி உங்கள் குழந்தைகளுக்கு வேண்டாம்.