அக்காவின் அறையில் கிடைத்த 40 நோட்டுகள்!

வீட்டில் ஒருவர் இறந்துபோனால், காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய அறையை ஒழிக்கும் வேலை யாராவது ஒருவர் தலையில் விழும். எதை யாருக்குக் கொடுப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1886-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிறிய ஊரில், அந்த வேலை லவீனியாவுக்கு வந்தது. இறந்தவர் அவருடைய அக்கா எமிலி. வயது 55. இருவருமே திருமணம் செய்துகொள்ளாமல் அப்பா கட்டிக்காத்த வீட்டிலேயே கடைசிவரை ஒன்றாக வாழ்ந்தவர்கள்.

‘எனக்கு வந்த கடிதங்களை எரித்துவிடு’ என்பது அக்காவின் விருப்பம். லவீனியா அப்படியே செய்தார். அந்தக் காலத்தில் அது வழக்கமும்கூட. ஆனால், அறையில் வேறொன்றும் இருந்தது. மடித்த தாள்களை அடுக்கி, ஊசி நூலால் தைத்த சிறு சிறு நோட்டுகள், மொத்தம் 40. அவற்றில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட கவிதைகள். இவை தவிர, தைக்கப்படாத தாள்களும் துண்டுக் காகிதங்களும் ஏராளம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,800 கவிதைகள்!

எமிலி கவிதை எழுதுவார் என்பது வீட்டில் தெரியாத விஷயமல்ல. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதத்தோடு கவிதைகளை அனுப்பி வைப்பார். ஆனால், இத்தனை கவிதைகள் இருக்கும் என்று கூடவே வாழ்ந்த தங்கைக்குக்கூடத் தெரியாது. எமிலி உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை சுமார் 10 கவிதைகள்தான். அவையும் அவர் பெயர் இல்லாமலே வெளியாகின.

ஊர் அறிந்த எமிலி

ஊருக்குத் தெரிந்த எமிலி டிக்கின்சன் வேறு. நன்றாக ரொட்டி சுடுபவர். 1856-ல் உள்ளூர் விவசாயக் கண்காட்சியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தோட்டத்தில் பூச்செடிகள் வளர்ப்பார். பிற்காலத்தில் வெள்ளை உடைதான் உடுத்தினார், வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மட்டும் ஜன்னல் வழியாகக் கூடையில் இஞ்சி கேக் இறக்கிக் கொடுப்பார்.

அந்த அடுப்படி வேலைகளுக்கு நடுவில்தான் கவிதைகளும் பிறந்தன. தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒரு கவிதை இருக்கிறது. பிரித்த கடித உறைகளின் உட்புறத்திலும், சாக்லேட் சுற்றிய காகிதத்திலும்கூட எழுதியிருக்கிறார். அறியாதவர் கண்ணில் பட்டால் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய காகிதங்கள் அவை.

கடிதங்களை எரிக்கச் சொன்ன அக்கா, கவிதைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எரிப்பதா, வைத்திருப்பதா? முடிவு தங்கையின் கையில். ‘இதைப் புத்தகமாகக் கொண்டுவந்தே தீருவேன்’ என்று கிளம்பினார் லவீனியா.

அண்ணியும் அண்ணனின் காதலியும்

முதலில் அவர் போனது பக்கத்து வீட்டு அண்ணி சூசனிடம். எமிலியின் நெருங்கிய தோழியும் அவர்தான். எமிலி அவருக்கு மட்டுமே 250-க்கும் மேற்பட்ட கவிதைகளை அனுப்பியிருந்தார். ஆனால், வேலை நகரவில்லை. பொறுத்துப் பார்த்த லவீனியா, கவிதைகளை மேபல் டாட் என்ற பெண்ணிடம் கொடுத்தார். அவர் உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியரின் மனைவி. கூடவே, அண்ணன் ஆஸ்டினின் ரகசியக் காதலியும்கூட! அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும்?

மேபல் கடுமையாக உழைத்தார். புரியாத கையெழுத்தைப் படித்து நூற்றுக்கணக்கான கவிதைகளைப் படியெடுத்தார். எழுத்தாளர் ஹிக்கின்சன் உதவிக்கு வந்தார். போகுமா, போகாதா என்று பதிப்பாளர் தயங்கியதால், அச்சுத் தகடுகளுக்கான செலவை லவீனியாவே ஏற்றுக்கொண்டார். 1890 நவம்பரில் புத்தகம் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் 11 முறை மறுபடி மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது!

ஆனால், நல்லெண்ணத்திலும் சில தவறுகள் நடந்தன. வாசகர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பதிப்பாசிரியர்கள் சில சொற்களை மாற்றினார்கள், நிறுத்தற்குறிகளைத் திருத்தினார்கள், எமிலி வைக்காத தலைப்புகளை வைத்தார்கள். தைத்த நோட்டுகளும் பிரிக்கப்பட்டன. எந்தத் தாள் எதற்குப் பிறகு என்ற வரிசை கலைந்துபோனது.

ஒரு துண்டு நிலம்

1895-ல் ஆஸ்டின் இறந்தார். அவர் ஆசைப்பட்டபடி குடும்ப நிலத்தில் ஒரு துண்டை மேபல் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்த லவீனியா, பிறகு ‘ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்’ என்று வழக்குப் போட்டார். 1898-ல் வழக்கில் ஜெயித்தார். கோபத்தில் மேபல் தன்னிடம் இருந்த கவிதைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுவருடமே லவீனியாவும் காலமானார்.

அந்தப் பெட்டியில் இருந்த 600-க்கும் மேற்பட்ட கவிதைகள் அச்சுக்கு வந்தது 1945-ல், மேபலின் மகள் மூலமாக. அண்ணியிடம் இருந்தவற்றை அவருடைய மகள் தனியாக வெளியிட்டு வந்தார். எமிலி எழுதியபடியே எல்லாக் கவிதைகளும் ஒரே பதிப்பில் சேர்ந்தது 1955-ல்தான். அதாவது, அவர் இறந்து 69 ஆண்டுகள் கழித்து. கலைந்த நோட்டுகளின் வரிசையை மீட்க இன்னும் காலம் பிடித்தது. தாளில் இருந்த ஊசித் துளைகளையும் கறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆய்வாளர் ஃபிராங்க்ளின் 1981-ல் அதைச் செய்து முடித்தார்.

கையெழுத்துப் பிரதிகள் இன்றும் பிரிந்தேதான் கிடக்கின்றன. பெரும்பகுதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியிலும் இருக்கிறது. 2013-ல் இணையத்தில் தொடங்கப்பட்ட ஆவணக் காப்பகத்தில்தான் அவற்றின் படங்களை ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது.

நம் வீட்டுப் பெட்டியில்..?

அம்மாவின் கோல நோட்டு, தாத்தாவின் டைரி, சித்தி எழுதி யாரிடமும் காட்டாத கதை... இப்படி ஏதாவது ஒன்று பல வீடுகளில் இருக்கும். அது உலகப் புகழ் பெறுமா என்பது இரண்டாவது விஷயம். துக்கம் ஆறாத நாள்களில், அவசரமாக எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் எடுத்து வைக்கலாம். சொந்தங்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதற்கு முன், இருந்த வரிசையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இருந்தால்கூடத் திருத்த வேண்டாம். அது அவர்களுடைய குரல்.

லவீனியா கவிதையை ஆராய்ந்து எடைபோடும் விமர்சகர் அல்ல. அக்கா இத்தனை வருடம் தைத்துப் பத்திரப்படுத்திய ஒன்று வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். எமிலி டிக்கின்சன் என்ற பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு அந்த நினைப்புதான் காரணம்.