கண்ணால் எழுதும் கடிதம்

உடல் முழுதும் முடங்கினாலும் பேச வழி உண்டு. அதற்கு முதல் தேவை கம்ப்யூட்டர் அல்ல. தாய்மொழியில் ஓர் அட்டையும், பொறுமையாகக் கேட்க ஓர் ஆளும்தான்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், அரை டஜன் மொழிகள் காதில் விழும். குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, திருமலை தேவஸ்வம் கோயில் பக்கம் கொங்கணி, கடைத்தெருவில் மலையாளத்தோடு உருது. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில், தலைமுறைகளாகத் துணி வெளுத்துவரும் குடும்பங்களின் தமிழ்.

இந்த வீடுகளில் ஒன்றில் யாருக்காவது பக்கவாதம் தாக்கி, பேச்சு அடியோடு நின்றுபோனால்? 'வலிக்கிறது' என்பதை அவர் எப்படிச் சொல்வார்? எந்த மொழியில் சொல்வார்?

மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டால், சிலருக்குக் கை, கால், நாக்கு எல்லாமே அடங்கிவிடும். ஆனால் அறிவும் நினைவும் செவியும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் கண்ணை மேலும் கீழும் அசைக்கவும், இமைக்கவும் முடியும். உள்ளே பூட்டப்பட்டவர் என்ற பொருளில் இதற்கு 'லாக்டு-இன்' என்று 1966-இல் பெயரிட்டார்கள் பிளம், போஸ்னர் என்ற அமெரிக்க டாக்டர்கள். மோட்டார் நியூரான் நோய் முற்றியவர்களும் ஏறக்குறைய இதே நிலைக்கு வரக்கூடும்.

இப்படிப் படுத்திருப்பவரை நினைவிழந்தவர் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. 44 நோயாளிகளைப் பற்றி 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம், 'உள்ளே ஆள் விழித்திருக்கிறார்' என்பதை முதலில் கண்டுகொண்டது டாக்டர் அல்ல, உறவினர்.

கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது? விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் கதை இதற்கு நல்ல பாடம். 1985-இல் தொண்டையில் நடந்த ஆபரேஷனில் அவர் குரலை இழந்தார். உலகமே அறிந்த அந்தக் கம்ப்யூட்டர் குரல் அடுத்துதான் வந்தது. அதற்கு முன் அவர் பேசியது எழுத்து அட்டையால். ஒருவர் எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே போவார். சரியான எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். பின்னாளில் அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள், 2015-இல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு பணியாற்றி வருகிறது. அதன் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர் அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். கருவி பின்னர் டேப்லெட் செயலியாக மாறியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளும் அதில் வந்தன.

மொழி சிறிய விஷயம் அல்ல. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; தமிழுக்கு 247. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு சொல் முடிவதற்குள் நோயாளி களைத்துவிடுவார். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமே இங்கு கைகொடுக்கிறது. மெய்யெழுத்து 18-ஐயும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று வரிசையில், வரிசைக்கு ஆறாக எழுதுங்கள். கீழே 12 உயிரெழுத்துகள், கடைசியில் ஒரு புள்ளி. கேட்பவர் முதலில் இனத்தைச் சொல்லவேண்டும், பிறகு எழுத்தை, பிறகு உயிரை. வேண்டியது வந்ததும் நோயாளி இமைப்பார்.

'வலி' என்று சொல்லவேண்டுமா? 'வ'-வுக்கு மூன்றாவது இனம், நான்காவது எழுத்து, முதல் உயிர். 'லி'-க்கு மூன்றாவது இனம், மூன்றாவது எழுத்து, மூன்றாவது உயிர். கேட்பவர் மொத்தம் 17 முறை வாய் திறக்கிறார். நோயாளி ஆறு முறை இமைக்கிறார். சொல் வந்துவிட்டது! மலையாளம், குஜராத்தி, கொங்கணி என எந்த மொழிக்கும் அதன் எழுத்துமுறைக்கேற்ப இப்படி ஓர் அட்டை தயாரிக்கலாம்.

இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோக கேரளத்தில் ஆள் இல்லாமல் இல்லை. 2008-இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் அது. உள்ளாட்சி அமைப்புகளின் நர்சுகள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். புண்ணுக்கு மருந்தும் சிறுநீர்க் குழாயும் இருக்கும் அந்தப் பையில், நாலு மொழியில் நாலு அட்டைக்கு இடமா இருக்காது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-இலேயே இத்தகைய மாற்று வழிகளைத் தகவல் தொடர்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

மூளையில் சிப் பதித்து, நினைப்பதையே எழுத்தாக்கும் சோதனைகள் அமெரிக்காவில் நடக்கின்றன. அவை மட்டாஞ்சேரியின் சந்துகளுக்கு வந்து சேரும்போது வரட்டும். அதுவரை கட்டிலருகே ஒரு நாற்காலி, ஓர் அட்டை, அவசரப்படாத ஒரு மனிதர். அவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி: 'நான் பேசுவது கேட்கிறதா? கேட்டால் ஒருமுறை இமையுங்கள்.'