மேலே பழுப்பு, கீழே கறுப்பு... பழவேற்காடு ஏரிச் சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள் பழவேற்காடு பகுதி இருளர் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. அவர்கள் கை வைக்கும் சேற்றின் மேல்பக்கம் மெல்லிய பழுப்புப் படலம். கொஞ்சம் கிளறினால் மை மாதிரி கறுப்பு. கூடவே அழுகிய முட்டை நாற்றம்.

ஒரே சேறு, ஏன் இரண்டு நிறம்? எல்லாம் இரும்பு செய்யும் வேலைதான்.

சேற்றுக்குள் இரும்பா?

ஆமாம். பூமியின் மேலோட்டு எடையில் சுமார் 5 சதவீதம் இரும்பு. ஆரணி, காளங்கி ஆறுகள் ஏரிக்குக் கொண்டுவரும் வண்டலிலும் அது இருக்கிறது. ஒரு பகுதி, மண் துகள்களின் மேல் துருவாக ஒட்டியிருக்கும். இன்னொரு பகுதி, களிமண் படிகத்துக்குள்ளேயே, அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆக்சிஜன் கிடைக்கும் வரை இது 'ஃபெரிக்' இரும்பு. மேல்சேற்றின் பழுப்பு நிறம் இதனால்தான்.

அப்போ கறுப்பு எங்கிருந்து வருது?

சேற்றில் சில மில்லிமீட்டர் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பை வைத்தே 'மூச்சு' விடுகின்றன. மட்கும் கழிவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரானை இரும்பின் தலையில் கட்டிவிடும். அது 'ஃபெரஸ்' இரும்பாக மாறிவிடும். இப்படிப்பட்ட ஜியோபேக்டர் என்ற பாக்டீரியா, 1987ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொரு வகை பாக்டீரியா, கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். முட்டை நாற்றம் அதுதான். இந்த வாயுவும் ஃபெரஸ் இரும்பும் சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. அதன் நிறம் கறுப்பு.

கறுப்புச் சேறு கெட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இறாலுக்கும் நண்டுக்கும் விஷம். அதை இரும்பு பிடித்து வைத்துக்கொண்டதன் அடையாளம்தான் கறுப்பு. மூக்கில் ஏறும் நாற்றம், இரும்பின் பிடியில் சிக்காமல் தப்பிய மிச்சம்.

இரும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. துரு தன்மேல் பாஸ்பேட்டை ஒட்டி வைத்திருக்கும். துரு கரைந்தால் பாஸ்பேட் தண்ணீரில் கலந்து பாசிக்கு உரமாகும். அந்தப் பாசி செத்து மட்கும்போது இருக்கிற ஆக்சிஜனும் காலியாகும்.

ரீசார்ஜ் ஆகும் பேட்டரி

இந்த மாற்றம் ஒருவழிப் பாதை அல்ல. கறுப்புச் சேற்றை எடுத்துக் காற்றில் பரப்பி வைத்தால் மெல்லப் பழுப்பாகத் திரும்பும். நண்டு வளையின் உள்சுவர் பழுப்பாக இருப்பதும் இதனால்தான்: வளை வழியே ஆக்சிஜன் உள்ளே போகிறது. களிமண் படிகத்துக்குள் இருக்கும் இரும்போ, பெரும்பாலும் இடம் மாறாமலேயே எலக்ட்ரானை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். ஏறக்குறைய ரீசார்ஜ் பேட்டரி மாதிரி.

சார்ஜர் யார்? அலையோடு வரும் ஆக்சிஜன் கலந்த தண்ணீர்.

முகத்துவாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆனால் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அப்போது ஏரிக்குள் ஏற்ற இறக்கம் குறையும், தண்ணீர் தேங்கும், வெயிலில் சூடாகும். சூடான, உப்பு ஏறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சார்ஜ் ஏறாத பேட்டரி தீர்ந்துபோனால், விஷ வாயுவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை.

முகத்துவாரத்தை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்பது கோட்டைக்குப்பம் உள்ளிட்ட மீனவ கிராமங்களின் நீண்டகாலக் கோரிக்கை. வழி அடைத்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, படகு கடலுக்குப் போகாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. உள்ளே வந்த குஞ்சு பிழைத்து வளர, அடியில் இருக்கும் சேறும் மூச்சுவிட வேண்டும். அதற்கும் வழி அதே முகத்துவாரம்தான்.