மலையும் கடலும் காவல் நின்ற மாவட்டம்

மாவட்டம் என்றதும் கச்சேரி, பாடசாலைகள், சந்தை, பஸ் நிலையம் என்று பலவும் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் சந்தையும் இல்லை, பாடசாலையும் இல்லை. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் மாவட்ட சபையும் இல்லை. 2020 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 82 பேர் மாத்திரமே. அதனை நிர்வகிப்பது மாநிலச் சுகாதாரத் திணைக்களம். ஹவாய் மாநிலத்தின் கலாவாவோ மாவட்டம்தான் அது.

ஒரு மாவட்டத்தைச் சுகாதாரத் திணைக்களம் ஏன் ஆள வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

இயற்கை அமைத்த சிறை

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள மொலோகாய்த் தீவின் வடகரையில், நாக்கு நீட்டியது போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது கலாவ்பாப்பா தீபகற்பம். தீவின் ஏனைய பகுதி உருவாகி நெடுங்காலத்தின் பின்னர், எரிமலைக் குழம்பு வழிந்து பரவியதால் உண்டான சமதரை இது. மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கத்தில் செங்குத்தான மலைச்சுவர். அது சில இடங்களில் 3,000 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. மாவட்டத்தின் நிலப்பரப்பு சுமார் 31 சதுர கிலோமீற்றர். நிலப்பரப்பில் அமெரிக்காவின் மிகச் சிறிய மாவட்டம் இதுவே.

மலைமேலிருந்து கீழே இறங்க மோட்டார் வீதி கிடையாது. 26 வளைவுகள் கொண்ட ஒற்றையடிப் பாதை ஒன்றே உண்டு. மற்றபடி சிறிய விமானத்தில்தான் வரவேண்டும். எரிபொருள், கட்டடப் பொருட்கள் போன்ற பாரமான சாமான்கள் கடல் அடங்கியிருக்கும் கோடை காலத்தில், வருடத்துக்கு ஒரு தடவை படகில் வந்து இறங்கும்.

ஆனாலும் இது மனிதர் வாழ முடியாத இடமாக இருக்கவில்லை. ஹவாயின் பூர்வீகக் குடிகள் பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்தார்கள். காற்றைத் தடுக்கக் கல் வேலிகள் எழுப்பி வற்றாளங்கிழங்கு பயிரிட்டார்கள். கலிபோர்னியாவில் பொன் தேடிச் சென்றவர்களுக்கும் இங்கிருந்து கிழங்கு ஏற்றுமதியானது.

குடும்பத்தைப் பிரிக்கும் நோய்

19 ஆம் நூற்றாண்டில் அந்நியரின் வருகையோடு ஹவாயில் பல புதிய நோய்கள் பரவின. தொழுநோயும் அவற்றில் ஒன்று. அப்போது அதற்கு மருந்தில்லை. 1865 இல் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர், தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தும் சட்டத்தில் ஒப்பமிட்டார். மலையும் கடலும் காவல் நிற்கும் இந்த இடமே தெரிவானது. முன்பு வாழ்ந்த கமக்காரக் குடும்பங்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டன. 1866 ஜனவரி 6 ஆம் திகதி முதல் 12 நோயாளர்கள் வந்திறங்கினார்கள். அடுத்த நூறாண்டில் ஏறத்தாழ 8,000 பேர் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஹவாய் மக்கள் இந்நோய்க்கு இட்ட பெயர்களில் ஒன்றின் பொருள், ‘பிரிக்கும் நோய்’ என்பதாகும்.

ஆரம்பத்தில் வீடும் உணவும் மருத்துவமும் போதவில்லை. அப்படியிருந்தும் கணவனைத் தனியே விட மனமில்லாத மனைவியரும், பிள்ளையைப் பிரிய முடியாத பெற்றோரும், நோயில்லாதிருந்தும் கூடவே வந்தார்கள். இவர்களைக் ‘கோகுவா’, அதாவது உதவியாளர் என்று அழைத்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டியதும், சமைத்துக் கொடுத்ததும், இறந்தவர்களை அடக்கம் செய்ததும் அவர்களே.

1873 இல் வந்த பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை தமியான், 16 ஆண்டுகள் நோயாளரிடையே பணியாற்றி, அதே நோயினால் 1889 இல் உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டு வந்த அருட்சகோதரி மரியான் கோப், பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான இல்லத்தை நடத்தி 1918 இல் அங்கேயே காலமானார். இவர்களை உலகம் அறியும். ஆனால் தமியான் வருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1866 இல், நோயாளர்கள் தாமே ஒன்றுகூடி ஒரு திருச்சபையை நிறுவியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் ஒரு சமூகமாக எழுந்து நின்றார்கள். பாட்டும் வாத்தியமும் திருமணங்களும் அங்கு இருந்தன.

தாய்மாருக்குத்தான் மிகப் பெரிய வேதனை. அங்கு பிறந்த குழந்தைகள் நோய் தொற்றிவிடும் என்ற அச்சத்தினால் பெற்றவளிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பின்னர் உறவினரிடமோ, அந்நியரிடமோ, விடுதிகளிடமோ கையளிக்கப்பட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பது மட்டுமே சில தாய்மாருக்குக் கிடைத்தது. நோயுற்ற பெற்றோரின் ஆரோக்கியமான பெண் பிள்ளைகளுக்காகக் கபியோலானி அரசியின் பெயரில் ஹொனலூலுவில் 1885 இல் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அப்படி வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தம் தாயின் முகம் அறியாமல் வாழ்ந்திருப்பார்கள்!

மருந்து வந்தது, பயம் போகவில்லை

1946 இல் சல்போன் வகை மருந்து கலாவ்பாப்பாவை வந்தடைந்தது. நோய் கட்டுப்பட்டது. ஆனால் கட்டாயத் தனிமைப்படுத்தல் நீக்கப்பட்டது 1969 இல்தான். இடையில் 23 ஆண்டுகள்! நோய் தணிந்த பின்னும் சட்டம் தணியவில்லை.

கதவு திறந்தபோது பலர் வெளியேறவில்லை. வீடு என்று அவர்களுக்கு இருந்தது அந்த ஊர் ஒன்றுதான். 1980 இல் இவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவானபோது, நோயாளர்கள் விரும்பும்வரை அங்கேயே வாழலாம் என்று சட்டமே உறுதியளித்தது. இன்று அவர்களில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஏனையோர் அரசாங்கத்தினதும் பூங்காவினதும் ஊழியர்கள்.

இந்த முதியவர்களும் மறைந்த பின் அந்த மாவட்டம் யாருக்குரியது? உல்லாசப் பயணிகளுக்கா? முன்பு வெளியேற்றப்பட்ட பூர்வீகக் குடிகளின் சந்ததிக்கா? இதுபற்றிய பேச்சு ஹவாயில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கு இறந்தவர்களில் பெரும்பாலானோரின் புதைகுழிகளுக்கு அடையாளமே இல்லை. அவர்களின் பெயர்களைத் தாங்கும் நினைவுச் சின்னம் ஒன்றுக்கு 2009 இல் அமெரிக்கச் சட்டம் அனுமதி வழங்கியது. பேரப்பிள்ளைகள் பழைய பதிவேடுகளில் தம் பாட்டிமாரின் பெயரைத் தேடுகிறார்கள்.

நமக்கும் தொலைவில் இல்லை

சகோதரிகளே, இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. மட்டக்களப்பு வாவியில் மாந்தீவும், கொழும்புக்கு அருகே ஹெந்தளையும் தொழுநோயாளருக்கென ஒதுக்கப்பட்ட இடங்களாக நம் நாட்டிலும் இருந்தன. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் இலங்கையில் புதிய நோயாளர்கள் இனங்காணப்படுகிறார்கள். ஆனால் இந்நோய் முற்றாகக் குணமாகும். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாத மருந்து போதும். அரசாங்க வைத்தியசாலைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் ஆபத்து விரைவில் நீங்கிவிடும். எனவே நோயாளியை வீட்டைவிட்டு விலக்கவோ, அவர் பாத்திரத்தை வேறாக்கவோ தேவையில்லை.

வீட்டில் யாருடைய தோலிலாவது தொட்டால் உணர்வில்லாத, நிறம் மங்கிய தழும்பு தென்பட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். “ஊர் என்ன சொல்லும்” என்று ஒளித்து வைத்தால், பிந்திய ஒவ்வொரு மாதமும் கைகால் நரம்புகளைப் பாதிக்கலாம். அயல் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று கேள்விப்பட்டால், வழக்கம்போல் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.