முதலில் வைத்தியம், பிறகு பணம். சரி, யாருடைய பணம்?

2023 மார்ச் மாதம் கடைசி வாரம். இரவு ஒன்பதரை மணி இருக்கும். அஜ்மீரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்திலிருந்து போன் வந்தது. "அண்ணா, இவருக்கு நெஞ்சை அடைக்குதுங்கறார். வேர்த்துக் கொட்டுது. ஒரு ஆட்டோவும் நிக்க மாட்டேங்கறான். கொஞ்சம் வரீங்களா?" என்றார் அந்தச் சகோதரி. நண்பர் கிஷன்கட்டில் ஒரு மார்பிள் வியாபாரியிடம் கணக்கு எழுதுபவர். வயது ஐம்பத்தெட்டு. பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம்.

என் பழைய மாருதியில் ஏற்றிக் கொண்டு அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது. மசோதாவை வாபஸ் வாங்கும் வரை சிகிச்சை இல்லை என்று ஹிந்தியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காவலாளி நல்லவன், காருக்குள் எட்டிப் பார்த்து, "சாப், நேரத்தை வீணாக்காதீர்கள்" என்றான். இரண்டாவது இடத்திலும் அதே காகிதம். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அங்கேயும் பயிற்சி டாக்டர்கள் பலர் போராட்டத்தில் இருந்தார்கள். ஆனால் ஒரு மூத்த டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் இருந்தார்கள். உடனே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. முதல் கேட்டுக்கும் அந்த ஊசிக்கும் இடையே 50 நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே இருந்ததால் சொல்கிறேன். ரயில்வேக்காரன் புத்தி அது.

ராஜஸ்தானுக்கு வெளியே இருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். 2023 மார்ச் 21-ஆம் தேதி இம்மாநிலச் சட்டசபை 'சுகாதார உரிமைச் சட்ட' மசோதாவை நிறைவேற்றியது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் இதுதான். அதில் தகராறுக்கு உள்ளான பகுதி ஒன்றே ஒன்று. அவசர நிலையில் வரும் நோயாளியிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். பிறகு நோயாளி பணம் கட்டாவிட்டால் மாநில அரசு அதை ஈடு செய்யும். தனியார் டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். ஜெய்ப்பூரில் ஊர்வலம், தடியடி, தண்ணீர்ப் பீரங்கி எல்லாம் நடந்தன. ஏறக்குறைய இரண்டு வாரம் தனியார் ஆஸ்பத்திரிகள் மூடிக் கிடந்தன.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு டாக்டர்கள் மேல் கோபமான கோபம். உயிர் போகிற நேரத்தில் கேட்டைச் சாத்துகிறவன் என்ன வைத்தியன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினேன். போதாக்குறைக்கு, சட்டமே தேவையில்லாத விஷயம் இது என்றும் வாதிட்டேன். அவசரத்தில் உயிரைக் காப்பது அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் கடமை என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்னொரு வழக்கு நம் ரயில்வே வட்டாரத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, இடமில்லை, வசதியில்லை என்று ஒன்றன் பின் ஒன்றாக அரசு ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்தார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. பணமில்லை என்று அரசு தட்டிக் கழிக்க முடியாது என்றும் சொன்னது. ஆக, கேட்டைச் சாத்துவது தனியாருக்கு மட்டும் உரிய குணமல்ல.

எங்கள் காலனிப் பூங்காவில் காலையில் நடக்க வரும் ஒரு இளம் டாக்டர் உண்டு. இந்த ஊர்க்காரர். இருபது படுக்கை கொண்ட ஒரு நர்ஸிங் ஹோம் நடத்துகிறார். ஒரு நாள் அவரையும் பிடித்துக் கொண்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அங்கிள்ஜி, நீங்கள் முப்பத்தேழு வருஷம் கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். ஒர்க் ஆர்டர் இல்லாமல், செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும் என்று தெரியாமல், ஒரு பெட்டியை பழுது பார்க்க எடுத்திருக்கிறீர்களா?"

எடுத்ததில்லை. எடுத்திருந்தால் மறுநாளே அக்கவுண்ட்ஸிலிருந்து ஓலை வந்திருக்கும்.

அவர் தொடர்ந்தார். அரசு ஈடு செய்யும் என்று சட்டம் சொல்கிறது. எந்த ரேட்டில்? எத்தனை நாளில்? எந்த அதிகாரி கையெழுத்தில்? எல்லாம் விதிகளில் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் திட்டத்துப் பில்களே மாதக் கணக்கில் நிற்கின்றன. நர்ஸுகளுக்குச் சம்பளமும் பாங்க் கடனுக்குத் தவணையும் மாதம் தவறாமல் கட்டியாக வேண்டும். அது மட்டுமில்லை, எது அவசரம் என்பதே சரியாக வரையறுக்கப்படவில்லை. விபத்தும் பாம்புக்கடி, விலங்குக்கடியும் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. மற்றவற்றை அதிகாரக் குழு பிறகு முடிவு செய்யும். "உங்கள் நண்பருக்கு வந்த நெஞ்சு வலி அந்தப் பட்டியலில் இல்லை, அங்கிள்ஜி" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். கேட்டைச் சாத்தியது தவறு என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை. அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது. என் பணிக்கால அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரயில் விபத்து என்று சைரன் ஒலித்தால் மெடிக்கல் ரிலீஃப் வேன் கிளம்புவதற்குக் கெடு உண்டு. நிற்கும் லைனுக்கு இரண்டு பக்கமும் வழி இருந்தால் 15 நிமிடம், ஒரு பக்கம்தான் என்றால் 20 நிமிடம். அடிபட்டவரிடம் டிக்கெட் இருக்கிறதா, பணம் யார் தருவது என்று அப்போது எவரும் கேட்பதில்லை. ரயில்வேக்காரர்கள் எல்லோரும் கருணைக் கடல் என்பதனால் அல்ல. மருந்து, ஆள், டீசல் எல்லாவற்றுக்கும் கணக்குத் தலைப்பு முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறோம். கேள்விக்குப் பதில் முன்னாலேயே எழுதப்பட்டிருப்பதால்தான் சம்பவ இடத்தில் கேள்வி எழுவதில்லை.

இதே ராஜஸ்தான் அரசு இந்தப் பாடத்தை ஒரு முறை அருமையாகப் படித்திருக்கிறது. அதுவும் நம் ஊரைப் பார்த்து. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மருந்தின் வியாபாரப் பெயர் இல்லாமல் மூலப் பெயரில் கொள்முதல், மாவட்டந்தோறும் கிடங்கு, பரிசோதனையில் தேறிய பிறகே விநியோகம், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். பாஸ்புக்கில் எவ்வளவு தொகை இருக்கிறதோ அந்த அளவுக்கு மருந்து எடுத்துக் கொள்ளலாம். ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும். இந்த முறையைப் பின்பற்றி ராஜஸ்தான் 2011-ல் தனக்கென ஒரு கார்ப்பரேஷன் அமைத்து, அந்த வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. 2013-ல் இலவசப் பரிசோதனைகளும் சேர்ந்தன. சட்டசபையில் அதற்காக யாரும் சட்டையைக் கிழித்துக் கொள்ளவில்லை. அன்றிரவு என் நண்பருக்குப் போட்ட ஊசி அந்த அலமாரியிலிருந்து வந்ததுதான்.

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. ஐம்பதுக்குக் குறைவான படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும், அரசிடமிருந்து நிலமோ கட்டடமோ சலுகையாகப் பெறாத ஆஸ்பத்திரிகளுக்கும் விலக்கு. தனியார் மருத்துவக் கல்லூரிகள், அரசு நிலம் பெற்றவை, டிரஸ்டுகள் நடத்துபவை போன்றவற்றுக்கே சட்டம் பொருந்தும் என்று ஆயிற்று. அந்த மாதமே கவர்னர் ஒப்புதலும் கிடைத்தது. பூங்கா டாக்டர் தப்பித்தார். நாங்கள் போன இரண்டு ஆஸ்பத்திரிகளும் சின்னவைதான், அவையும் தப்பித்திருக்கும். டிசம்பரில் ஆட்சி மாறிற்று. அதுவரையிலும் விதிகள் வரவேயில்லை. உரிமை வந்தது, ஒர்க் ஆர்டர் வரவில்லை.

மொத்தத்தில் நாடு முன்னேறவில்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்தது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். பெரிய இறக்கம்தான். ஆனால் மார்பிள் கடையில் கணக்கு எழுதுபவருக்குச் சராசரியால் என்ன பயன்? ஓய்வு பெற்றபோது ஒரு முறை பணம் கட்டியதால் எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் ரயில்வே வைத்தியம். பக்கத்துத் தெருவில் அவருக்கு எதுவுமில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

எதுவுமில்லை என்பதும் முழு உண்மையல்ல. 2021 முதல் இங்கே சிரஞ்சீவி என்ற மாநில இன்ஷூரன்ஸ் திட்டம் இருந்தது. ஏழைகளுக்கு இலவசம், மற்றவர்கள் குடும்பத்துக்கு வருடம் 850 ரூபாய் கட்டினால் போதும். நண்பர் கட்டவில்லை. "நாம வெளியூர்க்காரங்கதானே சார், நமக்கெல்லாம் குடுப்பாங்களான்னு விட்டுட்டேன்" என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் வாடகை கொடுப்பவர், இங்கேயே ஓட்டுப் போடுபவர், வெளியூர்க்காரராம்! வீடு திரும்பிய வாரமே நான் கூடப் போய்ப் பணம் கட்ட வைத்தேன். காத்திருப்புக் காலம் முடிந்ததும் அந்தக் கார்டில்தான் ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது.

2024-ல் அந்தத் திட்டத்துக்கு 'மா' யோஜனா என்று பெயர் மாற்றினார்கள். அதே வருடம் அக்டோபர் 29-ஆம் தேதி முதல், எழுபது வயது நிறைந்த எவருக்கும் வருமானம் பாராமல் வருடம் ஐந்து லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் கார்டு உண்டு என்றானது. 2025 மே மாதம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய்க்கு, முன்பணமில்லாத சிகிச்சை என்று மத்திய அரசு அறிவித்தது. அதற்கென்று தனி நிதியே இருக்கிறது. கணக்குத் தலைப்பு போட்டாயிற்று என்று பூங்கா டாக்டரிடம் பேப்பரைக் காட்டினேன். "நல்லது அங்கிள்ஜி, பில் எத்தனை நாளில் பாஸாகிறது என்று பார்ப்போம்" என்று சிரித்தார்.

நம் சங்கத்தில் கடை, கம்பெனி, ஓட்டல் வேலைகளில் இருக்கும் குடும்பங்கள் பல. அடுத்த மாதக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மேஜை போட்டு உட்காரப் போகிறேன். மாநிலக் கார்டுக்கு ஜன் ஆதார் வேண்டும். எழுபதைத் தாண்டிய பெரியவர்களுக்கு ஆதார் போதும், கூடவே போனையும் எடுத்து வாருங்கள். ஜன் ஆதார் இல்லாதவர்கள் வாடகைச் சீட்டோ மின்சார பில்லோ கொண்டு வந்தால் விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். நண்பரும் என்னோடு உட்காருகிறார். மார்பிள் கடைக் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும்.