மேற்றோற் பையும் அதன் சிகிச்சையும்

தோலின்கீழ் மெல்ல வளரும் தீங்கற்ற கட்டிகளுள் மேற்றோற் பை ஒன்றாகும். மேற்றோற் கலங்கள் உள்ளே புதைந்து பையாகித் தாம் உதிர்க்கும் கெரற்றினை அதனுள்ளேயே சேர்க்கின்றன. அதனைப் பிதுக்குவோர் உள்ளீட்டை மட்டுமே அகற்றுகின்றனர்; சுவர் எஞ்சுவதாற் கட்டி மீண்டும் தோன்றும்; பை உள்ளே வெடித்து அழற்சி விளைதலும் உண்டு. ஆதலின் அறுவை வைத்தியர் அவ்விடத்தை விறைக்கச் செய்து, பையைச் சுவரோடு முழுமையாக எடுப்பர். எடுத்ததை நுணுக்குக்காட்டியாற் சோதித்தல் நன்று; கண்ணுக்குத் தீங்கற்றதாய்த் தோன்றுவது எப்போதும் அவ்வாறிராது.

முகத்துத் தையல் ஏறத்தாழ 5 நாளிலும், முதுகுத் தையல் 10 முதல் 14 நாளிலும் நீக்கப்படும். அப்போதும் காயம் முழுவலிமை பெற்றிராமையின், முதுகிற் காயமுற்றோர் சில வாரம் பளுத்தூக்கலாகாது. சிவப்பும் வீக்கமும் பெருகினும், சீழ் தோன்றினும் உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும்.